எஸ்எஸ்என் (அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்) விண்ணப்பித்து ஐந்து வாரம் ஆச்சு, கார்டு வரவில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், உதவுங்கள்

தென்காசிக்காரன்:

நண்பர்களே, வணக்கம். எச்-1பி வேலை விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. இறங்கிய மூன்றாம் நாளே, தூக்கம் தீராத கண்ணோடு, சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய் எஸ்எஸ்என் விண்ணப்பமான எஸ்எஸ்-5 படிவத்தைக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட், விசா, ஐ-797 (எச்-1பி அங்கீகாரக் கடிதம்) எல்லாவற்றையும் பார்த்தார்கள், ரசீது ஒன்று கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் தபாலில் வரும் என்றார்கள். இன்று வரை ஒன்றும் வரவில்லை.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், பெயர். ஊரில் நமக்கெல்லாம் இனிஷியல்தானே, பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, என் பெயர் மட்டும் கிவன் நேமில் இருக்கிறது. விசாவில் அதைச் சர்நேம் ஆக்கிவிட்டு, கிவன் நேம் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று போட்டிருக்கிறார்கள். எஸ்எஸ்-5 நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் எஃப்என்யூ என்று எழுத மனம் வரவில்லை. என் பெயரை முதல் பெயராகவும் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும் எழுதிவிட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து இனிஷியலை விரித்தால் அதுதானே வரும் என்று நினைத்தேன்.

ஐ-94, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு, எடுத்துப் போகவில்லை. சிபிபி (சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் தேடினால் பதிவு இல்லை என்றே வந்தது, ஏற நாளாகும்போல என்று விட்டுவிட்டேன். இப்போதும் அதே பதில்தான்.

ஆபீசில் பேரோல் ஆள் வாரா வாரம் நம்பர் கேட்கிறார். சம்பளத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் மனைவி எச்-4 (எச்-1பி குடும்பத்தாருக்கான விசா)-ல் வருகிறாள், அவளுக்கும் எஸ்எஸ்என் எடுக்கலாமா? ஒருவர் 120 டாலர் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வண்டி:

தம்பி, முதலில் அந்த 120 டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்என் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது, நடுவில் ஆளும் தேவையில்லை. உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை அந்த ஆளிடம் கொடுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எஸ்எஸ்ஏ, அதாவது அந்த நம்பரைக் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி துறை, உங்கள் காகிதங்களைப் பார்த்த மாத்திரத்தில் நம்பர் கொடுத்துவிடாது. நீங்கள் இந்த நாட்டுக்குள் என்ன தகுதியில் நுழைந்தீர்கள், வேலை செய்ய அனுமதி உண்டா என்று சேவ் என்ற அமைப்பு வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் (டிஎச்எஸ்) கேட்டு உறுதிசெய்த பிறகுதான் நம்பர் விழும். நீங்கள் நுழைந்த விவரம் அந்தப் பக்கம் ஏறச் சில நாள் ஆகும். அதனால்தான் வந்திறங்கி பத்து நாள் கழித்து வாருங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். மூன்றாம் நாள் போனது தாமதத்துக்கு ஒரு காரணம். படிவத்தில் ஒரு பெயர், குடிவரவுப் பதிவில் வேறு பெயர் என்பது இரண்டாவது. கணினி உடனே ஒத்துப்போகவில்லை என்றால் ஆள் உட்கார்ந்து சரிபார்க்கும் வரிசைக்குப் போய்விடும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

வெளிநாட்டவருக்கு எஸ்எஸ்ஏ எடுத்துக்கொள்ளும் பெயர் குடிவரவு ஆவணத்தில் இருக்கும் பெயர்தான். அப்பா பெயர் நம் ஊரில் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் உங்கள் விசாவில் அது இல்லை. அதை நினைத்து வருத்தப்படாதீர்கள், இங்கே வந்த பாதிப் பேர் இதே கட்டத்தில் தடுக்கி விழுந்தவர்கள்தான்.

ஐ-94 பதிவு இல்லை என்று வருவதும் இதனால்தான் இருக்கும். முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, கடைசிப் பெயர் இடத்தில் உங்கள் பெயர், அதாவது விசாவில் இருக்கிற மாதிரியே போட்டுத் தேடிப் பாருங்கள். வந்தால் பெயரை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எந்த வகுப்பில் அனுமதித்தார்கள், எந்தத் தேதி வரை என்று ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

டல்லாஸ் கோவைக்காரி:

நானும் ஒற்றைப் பெயர்க்காரிதான். என் எஸ்எஸ்என் கார்டில் என் பெயர் மட்டும் வந்தது, எஃப்என்யூ அச்சாகவில்லை. ஆனால் டிரைவிங் லைசென்ஸில் எஃப்என்யூ அப்படியே வந்துவிட்டது, கடையில் கார்டைப் பார்த்துவிட்டு என்னை அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள். எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனபோது வரவேற்பில் அந்த மூன்று எழுத்தைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதும், நான் என்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்ததும் இன்னும் மறக்கவில்லை. அடுத்த பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்து சர்நேம் போட்டுக்கொள்வது நல்லது, அதை நிதானமாகச் செய்யலாம்.

சம்பள விஷயம்: எஸ்எஸ்என் கையில் இல்லாமலே வேலை செய்யலாம், சம்பளமும் வாங்கலாம். வேலை செய்ய அனுமதி கொடுப்பது உங்கள் எச்-1பி, அந்த நம்பர் அல்ல. வேலைத் தகுதியைச் சரிபார்க்க நிறுவனம் நிரப்பும் ஐ-9 படிவத்துக்குப் பாஸ்போர்ட்டும் ஐ-94-ம் போதும். உங்கள் நிறுவனம் இ-வெரிஃபை என்ற இணையச் சரிபார்ப்பைப் பயன்படுத்துகிறதென்றால் நம்பர் வந்த பிறகு அதில் பதிவு செய்யலாம், அதுவரை உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கக் கூடாது. எச்ஆரிடம் அந்த ரசீதின் நகலைக் கொடுத்துவிட்டு, விண்ணப்பித்திருக்கிறேன் என்று ஒரு மெயில் போட்டு வையுங்கள். அந்த மெயில் பின்னால் உதவும்.

மனைவிக்கு: எச்-4-ல் வருபவருக்கு வேலை அனுமதி இல்லாமல் எஸ்எஸ்என் கிடையாது. வரி தாக்கலில் சேர்க்க ஐடிஐஎன் என்ற வரி எண் வேண்டும், அதற்கு டபிள்யூ-7 படிவம், பெரும்பாலும் வரி ரிட்டர்னோடு சேர்த்து அனுப்புவது. அதுவும் ஒன்பது இலக்கம்தான், 9-ல் தொடங்கும். பிற்பாடு உங்களுக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்கான நிறுவன மனு) அங்கீகாரம் கிடைத்து அவர் இஏடி (வேலை அனுமதி அட்டை) வாங்கினால், அதை வைத்து எஸ்எஸ்என் எடுக்கலாம். எல்-2 (நிறுவன மாற்றலில் வருபவரின் குடும்ப விசா) கதை வேறு. 2022 ஜனவரி 30-லிருந்து வாழ்க்கைத்துணைகளுக்கு ஐ-94-ல் எல்-2எஸ் என்று போடுகிறார்கள், அவர்கள் இஏடி இல்லாமலே எஸ்எஸ்என் எடுக்கலாம். தோழி எல்-2, அவளுக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை என்று நிறைய பேர் வீட்டில் சண்டை போடுகிறார்கள், அதனால் சொன்னேன்.

தென்காசிக்காரன்:

பழைய வண்டி அண்ணா, எஃப்என்யூ போட்டுத் தேடினேன், இரண்டே விநாடியில் ஐ-94 வந்து நின்றது! ஐந்து வாரமாக இல்லாத பதிவு அங்கேயே இருந்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எச்-1பி எல்லாம் சரி. ஆனால் தேதி மட்டும் ஐ-797-ல் இருப்பதைவிட ஒன்றரை வருடம் குறைவாக இருக்கிறது. அது என்ன?

பழைய வண்டி:

உங்கள் பாஸ்போர்ட் காலாவதி தேதியை எடுத்துப் பாருங்கள், அதே தேதியாக இருக்கும். பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி அனுமதி கொடுக்காமல் வெட்டிவிடுவார்கள். எஸ்எஸ்என்-ஐ அது தடுக்காது. ஆனால் இங்கே இருக்க உங்களுக்கு உரிமை தருவது ஐ-94 தேதி, விசா ஸ்டாம்ப் அல்ல, ஐ-797-ம் அல்ல. அந்தத் தேதியைப் போனில் இன்றே குறித்து வையுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, வெளியே போய்த் திரும்பி வந்து புது ஐ-94 வாங்கலாம், இல்லையென்றால் நிறுவனத்தின் வக்கீல் வழியாக நீட்டிப்பு கேட்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டு, தேதி தாண்டிய பிறகு தெரிந்துகொண்ட ஒருவருக்காக நான் ராத்திரி முழுக்க வக்கீல் தேடியிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பெயரோ வகுப்போ அவர்கள் பக்கம் தப்பாக ஏறியிருந்தால் சிபிபியின் டெஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் இடத்தில் கட்டணமில்லாமல் திருத்துவார்கள். உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது 1-800-772-1213-க்குப் போன் செய்து நேரம் முன்பதிவு செய்யுங்கள், 2025 ஜனவரியிலிருந்து முன்பதிவு செய்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஐ-94 பிரிண்ட், பாஸ்போர்ட், ஐ-797, பழைய ரசீது நான்கையும் கொண்டுபோய், படிவத்தில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன், ஐ-94-ல் இருப்பதுபோல மாற்றுங்கள் என்று நேராகச் சொல்லுங்கள். சேவ் கேஸ்செக் என்று ஒரு பக்கம் இருக்கிறது, பிறந்த தேதியும் ஐ-94 எண்ணும் போட்டால் சரிபார்ப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும்.

பாளையங்கோட்டை:

எல்லாரும் பெயரைப் பிடித்துக்கொண்டீர்கள், நான் தபால்பெட்டியைச் சொல்கிறேன். தம்பி நீங்கள் யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள்? அபார்ட்மெண்ட் தபால்பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு அப்படித்தான் ஒரு கார்டு போனது. பெட்டியைத் திறந்தால் உள்பக்கம் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மாற்றுக் கார்டுக்கும் வருடத்துக்கு மூன்று, வாழ்நாளில் பத்து என்று கணக்கு உண்டு, வீணாக்க வேண்டாம்.

தென்காசிக்காரன்:

அண்ணா, போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று பெயர், மூன்றும் எனக்கு முன்னால் இருந்த தெலுங்குப் பையன்கள். வெள்ளைத்தாளை நறுக்கி, ஐ-94-ல் இருக்கிற அதே எழுத்தில் என் பெயரை எழுதி, செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டேன். நாளைக் காலை பத்தரைக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

தென்காசிக்காரன் (பதினாறு நாள் கழித்து):

கார்டு வந்துவிட்டது! அலுவலகத்தில் அந்த அம்மா ஐ-94-ஐப் பார்த்துப் பெயரைத் திருத்தினார், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் அனுப்பிய கார்டு எதுவும் இல்லை, சரிபார்ப்பிலேயே நின்றிருந்ததாம். கார்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, மேலே டிஎச்எஸ் அனுமதியோடு மட்டும் வேலைக்குச் செல்லும் என்று ஒரு வரி. நம்பரைப் பேரோலில் கொடுத்தாயிற்று, கார்டைப் பர்ஸில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் படிவம் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். கோவைக்காரி அக்கா, சர்நேம் இடத்தில் அப்பா பெயரைப் போடுவதா, என் பெயரையே இரண்டாகப் பிரிப்பதா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் என் பெயரைப் போடுப்பா என்றார்.