விசாகப்பட்டினம், அரக்கு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: மனதை விட்டு அகலாத ஒரு சம்பவம்

கட்டுச்சோறு:
விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் எல்லோரும் போயிருப்பீர்கள், வருணனை வேண்டாம். எங்களுக்கு வழிகாட்டியவர் கடற்படையில் ஓய்வு பெற்றவர். சுவரோடு அலமாரித் தட்டு போலத் தொங்கிய படுக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தட்டி, ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் அதில் படுத்துவிடுவோம் என்றார். "படுத்துவிடுவார்கள்" இல்லை, "படுத்துவிடுவோம்". பின்னால் கூட்டம் நெருக்கியது. வட்டக் கதவுக்குள் குனிந்து அடுத்த அறைக்குப் போய்விட்டோம். அவர் சொன்னது இதே கப்பலைத்தானா? 1969 முதல் 2001 வரை ஓடியது. அவர் வயதுக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

மலைப்பாதை:
விசாகப்பட்டினத்திலிருந்து மலையேறி அரக்கு வழியாகப் போகும் கிரண்டுல் ரயில். கண்ணாடிக் கூரை வைத்த விஸ்டாடோம் பெட்டியில் இடம் கிடைக்கவில்லை, சாதாரணப் பெட்டிதான். எதிரே சீத்தாப்பழக் கூடையோடு ஒரு பாட்டி. சுரங்கம் வரும்போதெல்லாம் பெட்டியில் பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். பாட்டி மட்டும் சத்தமில்லாமல் முந்தானையைக் கூடைமேல் போட்டுக் கையை ஊன்றிக்கொள்வார். வெளிச்சம் வந்ததும் எடுத்துவிடுவார். அந்தப் பாதையில் சுரங்கங்களுக்கா பஞ்சம்! ஒன்றில்கூட அவர் கை தவறவில்லை. எதிரே இருந்தது நாங்கள் மட்டும்தான் என்பதுதான் இன்றுவரை எனக்குக் கேள்வி. போகும்போது வலது பக்கம் உட்காருங்கள்.

ஓய்வூதியர்:
எங்கள் கதை சிம்மாசலம் நரசிம்மர் கோயில். வரிசையில் நின்று சன்னதிக்கு வந்த என் துணைவியார், சந்தனக் காப்புக்குள் லிங்கம் போலத் தெரிந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, "நரசிம்மர் எங்கே?" என்று அர்ச்சகரிடமே கேட்டுவிட்டார். அவர் தமிழிலேயே, "அட்சய திருதியைக்கு வாருங்கள் அம்மா" என்றார். சந்தனத்தைக் களைந்து சுவாமியின் உருவத்தைக் காட்டும் நிஜரூப தரிசனம் ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான். அதிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் வீட்டில் இதே பேச்சு.

புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க. அரக்கை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரயில் காலை ஏழு மணிக்குள் கிளம்பி, மலையேறச் சுமார் நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அன்றே திரும்பினால் பொர்ரா குகையை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்க்க வேண்டும். ஏற ரயில், இரவு அரக்கில் தங்கல், இறங்கக் கார். வழியில் அனந்தகிரி காப்பித் தோட்டங்களும் பொர்ராவும். நகரத்தில் திங்கட்கிழமையைக் கைலாசகிரிக்கோ பீமிலி சாலைக்கோ ஒதுக்குங்கள். நீர்மூழ்கிக்கு அன்று விடுமுறை. பீமிலி சாலையில் தொட்லகொண்டா பௌத்த இடிபாடுகளை வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். ராமகிருஷ்ணா கடற்கரையில் கால் நனைப்பதோடு சரி, அலை உள்ளே இழுக்கும். குளிக்க ருஷிகொண்டா போங்கள், அங்கும் எல்லை தாண்டாமல். அக்டோபர், நவம்பரில் புயல் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் இந்த ஊரில்தான் கரையேறியது. சன்னல் வலமா இடமா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. சுரங்கத்துக்குள் இரண்டு பக்கமும் இருட்டுதான்.

கடல்நுரை:
ஐயா, கேட்டது சம்பவம், நீங்கள் பயணத் திட்டமே போட்டுவிட்டீர்கள். சரி, பொர்ரா என்றதும் ஞாபகம் வருகிறது. வழிகாட்டி டார்ச் அடித்து, இது சிவன் பார்வதி, இது தாயும் பிள்ளையும், இது முதலை என்று காட்டிக்கொண்டே போனார். என் தங்கை மகள் ஒவ்வொன்றுக்கும் "கல்" என்றாள். முதலைக்கும் "கல்" என்றதும் அவர் டார்ச்சை அணைத்து, "நீயே காட்டு" என்று அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் கூரையில் எதையோ காட்டி "யானை" என்றாள். எங்கள் யார் கண்ணுக்கும் அங்கே யானை தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது! எங்களுக்குப் பின்னால் வந்த குழுவுக்கும் அதையே யானை என்று காட்டினார்.

மலைப்பாதை:
ஓய்வூதியர் ஐயா, வலது பக்கம்தான். சுரங்கம் முடிந்த பிறகு பள்ளத்தாக்கு என்று ஒன்று வருகிறதே, அதைப் பார்க்க வேண்டாமா? பாட்டியும் வலது பக்கச் சன்னலைத்தான் பிடித்திருந்தார்.

ஓய்வூதியர்:
பாட்டி கூடை வைக்க இடம் பார்த்திருப்பார், தம்பி. ஒன்று எழுத விட்டுப்போயிற்று: டிசம்பர் கடைசி வாரம் அரக்கில் அறை கிடைப்பது கடினம். அறையை உறுதி செய்துகொண்டுதான் ரயில் டிக்கெட்டே எடுக்க வேண்டும்.