பின் ஆக்சிலுக்கு வலுவூட்டல் தேவையா?

அனைவருக்கும் வணக்கம். பாறைத் தடங்களில் ஓட்டும் என் நான்கு சக்கர இயக்க வாகனத்தில் 31 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர்களைப் பொருத்தவிருப்பதால், பின் ஆக்சில் ஹவுசிங்கின் (சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளை மூடியிருக்கும் வெளிக்கூட்டின்) மேல் டிரஸ் (truss, வலுவூட்டும் உலோகச் சட்டம்) வைத்து வெல்டிங் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க உங்கள் உதவியை நாடுகிறேன்.

டிரஸ் ஹவுசிங் வளைவதைத்தான் தடுக்கும். பெரிய டயரால் கூடும் முறுக்குவிசையைத் தாங்க வேண்டிய ஷாஃப்டையோ (உள்ளே சுழலும் தண்டு), அதற்குச் சுழற்சியைக் கடத்தும் கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் பற்களையோ அது வலுப்படுத்தாது. ஆகவே முதலில் ஷாஃப்டை மாற்றுவதே முறை என்று எண்ணியிருந்தேன். ஆனால், சென்ற மாதம் ஒரு பாறையிலிருந்து வண்டி வேகமாக இறங்கியது முதல் இடப்பக்க ஆயில் சீல் மாற்றிய பின்னும் கசிவதும், அந்த டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வதும், ஹவுசிங்கின் பக்கப் பகுதியான ஆக்சில் குழாய் ஏற்கெனவே மேல்நோக்கி வளைந்துவிட்டதோ என்ற கவலையைத் தருகின்றன. வளைந்த ஹவுசிங்கின் மேல் டிரஸ் வைத்தால் அந்த வளைவே நிலைத்துவிடும் அல்லவா?

வெல்டிங்கின் வெப்பமும் என்னை அச்சுறுத்துகிறது. ஹவுசிங்கின் வார்ப்பிரும்பு நடுப்பகுதியை முன்கூட்டியே சூடேற்றாமல் பற்றவைத்தால் விரிசல் விழக்கூடும். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் குழாய் கோணிவிடும்.

ஹவுசிங்கைக் கழற்றாமலே வளைவை நம்பகமாக அளக்கும் வழி உண்டா? டிரஸ் பொருத்தியவர்கள், வெல்டிங்குக்குப் பின் குழாயின் நேர்த்தன்மையை எவ்வாறு சரிபார்த்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.