குடல் அழற்சிக்குப் புழு முட்டை: 2005இல் பலித்தது 2013இல் ஏன் பலிக்கவில்லை?

கேள்வி:
அயோவா பல்கலைக்கழகத்தில் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளை 3 வாரத்துக்கு ஒருமுறை 2500 வீதம் குடிக்கக் கொடுத்தார்கள். க்ரோன்ஸ் (குடலில் நீடிக்கும் ஓர் அழற்சி நோய்) நோயாளிகள் 29 பேரில் 21 பேருக்கு 24ஆம் வாரத்தில் நோய் அடங்கியிருந்தது (2005). அதே முட்டை 2013இல் இரண்டு பெரிய சோதனைகளில் தோற்றது. எங்கே இடித்தது? மனிதக் கொக்கிப்புழு என்றால் முடிவு மாறுமா?

பதில் 1:
அந்த 29 பேருக்கும் தாங்கள் குடிப்பது முட்டை என்று தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து (முட்டையே இல்லாத போலி மருந்து) குடித்த குழு கிடையாது. இடித்தது அங்கேதான். ஐரோப்பியச் சோதனையில் 252 பேருக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை 250, 2500, 7500 முட்டை அல்லது வெற்று மருந்து கொடுத்தார்கள். 12ஆம் வாரத்தில் நோய் அடங்கியவர்கள் முறையே 38.5, 35.2, 47.2 சதவீதம், வெற்று மருந்தில் 42.9. நோயின் தீவிரத்தை அளக்கும் க்ரோன்ஸ் மதிப்பெண்ணில் பெரும்பங்கு நோயாளி எழுதும் நாட்குறிப்புதான்: மலம் எத்தனை முறை போனது, வயிற்றுவலி எவ்வளவு, உடம்பு எப்படி இருக்கிறது. நம்பிக்கை ஒன்றே அதைக் குறைத்துவிடும். மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்), கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) இரண்டும் இல்லாமல் "புழு வேலை செய்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் (பெருங்குடலில் புண்ணாகும் இன்னொரு அழற்சி நோய்) வெற்று மருந்தோடு ஒப்பிட்ட 2005 ஆய்வு உண்டு. முட்டை குடித்த 30 பேரில் 13 பேருக்கும், மற்ற 24 பேரில் 4 பேருக்கும் முன்னேற்றம். ஆனால் நோய் முழுதாக அடங்குவதில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

பதில் 2:
பன்றிப் புழு மனிதக் குடலில் முழுதாக வளராது, சில வாரத்தில் வெளியேறிவிடும். பாதுகாப்பு அதில்தான், திரும்பத் திரும்பக் குடிக்க வேண்டியதும் அதனால்தான். கொக்கிப்புழு வருடக்கணக்கில் தங்கும், ஆனால் ரத்தம் குடித்துத் தங்கும். கொக்கிப்புழுவின் லார்வா (இளம்புழு) உள்ள நீரில் நனைத்த பஞ்சுத்துணியைக் கையில் ஒட்டினால், அது தோலைத் துளைத்து இறங்கிய இடத்தில் அரிப்போடு சிவப்புப் புள்ளிகள் வரும். நெகேட்டர் என்ற கொக்கிப்புழு இனத்தில் ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.03 மி.லி. ரத்தம் எடுக்கும். 10 என்றால் 0.3 மி.லி., தாங்கலாம். 100 என்றால் 3 மி.லி., அதாவது 1.5 மி.கி. இரும்புச்சத்து, சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏற்கெனவே மலத்தில் ரத்தம் போகிறவருக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். இணையத்தில் வாங்கும் குப்பியில் எது நெகேட்டர், எது அதைவிடப் பல மடங்கு ரத்தம் குடிக்கும் இன்னொரு கொக்கிப்புழு இனமான ஆன்சிலோஸ்டோமா என்று வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் நம் ஊரில் வெறுங்காலோடு வயலில் இறங்கி ஏற்கெனவே புழு உள்ளவர்கள், அதை அப்படியே விட்டுவைக்கலாமா?

பதில் 3:
கூடவே கூடாது. முக்கியமாகக் குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன். நம் மண்ணில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இன்னொரு குடல்புழுவும் உண்டு. அது உடம்புக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டு சத்தமில்லாமல் இருக்கும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்ததும் லார்வாக்கள் குடல் சுவரைத் தாண்டிப் பரவி, குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்கு இழுத்துவரும், உயிரே போகலாம். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் இது தப்பிவிடும். வேறுவேறு நாளில் குறைந்தது 3 மாதிரி கொடுங்கள், முடிந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும். ஈசினோபில் (புழு இருந்தால் கூடும் ரத்த வெள்ளணு) சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஸ்டீராய்டு அதைக் குறைத்துக் காட்டும். பள்ளியில் கொடுக்கும் 400 மி.கி. அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஒன்று கொக்கிப்புழுவுக்குப் போதும், ஸ்ட்ராங்கிலாய்டஸுக்குப் போதாது. இதற்கு ஐவர்மெக்டின், எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். எத்தனை நாள் என்பதை உங்கள் குடல் மருத்துவர் முடிவு செய்யட்டும்.