சிங்கப்பூர்–நியூவர்க்: 15,344 கி.மீ.க்கு ஏன் இவ்வளவு நேரம்?

தேக்காவாசி:
அம்மாவை அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். சாங்கியிலிருந்து நியூவர்க்குக்கு நேரடி விமானம் பார்த்தேன். தூரம் 15,344 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ பதினெட்டரைக்கு மேல். மிச்சம் எங்கே போகிறது? அம்மாவுக்கு மூட்டு வலி, அதனால்தான் இவ்வளவு நோண்டுகிறேன்.

ரன்வேராஜா:
டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் இல்லை ப்ரோ. இங்கே கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் நிற்கும் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். நியூவர்க் நெரிசலுக்குப் பேர்போன இடம் வேறு.

பழைய கணக்கு வாத்தியார்:
தம்பி, அந்த 15,344ஐ நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104, நியூவர்க் மேற்கு 74. கூட்டினால் 178, கிட்டத்தட்ட அரை வட்டம். அதாவது குறுக்குவழி ஏறக்குறைய நேராக வடதுருவத்தின் மேலேயே போகிறது! அட்சரேகை இங்கே 1.4, அங்கே 40.7. இரண்டையும் 180இலிருந்து கழித்தால் 137.9 பாகை, ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்குங்கள், சில கி.மீ. வித்தியாசத்தில் அதே எண் வரும். பள்ளிக்கூடத்தில் இதை நடத்தும்போது உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவேன், கடைசி பெஞ்சுகூட எழுந்து வந்து பார்க்கும்.

ஆனால் விமானம் அந்த நூல்மேல் போவதில்லை. 2022க்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கிறது. அது ஒருபக்கம் இருக்க, பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று அடிக்கிறது, மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் போகும். அதைப் பிடிக்க ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கின் மேல் சுற்றிப் போவது வழக்கம். தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடும், ஆனாலும் லாபம். திரும்பும்போது பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழி. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு! அம்மாவோடு போய்விட்டு வந்தால் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்த கணக்கு.

அதனால் வகுத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஃப்ளைட் டிராக்கரில் அந்த விமானம் போன வாரம் எத்தனை மணி நேரம் பறந்தது என்று நாள்வாரியாகப் பாருங்கள். காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்குவது தெரியும்.

எடிசன்காரி:
நேரத்தைவிட சீட்தான் முக்கியம் அண்ணா. அந்த விமானத்தில் எகானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கை, பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. டிக்கெட் விலை கையைக் கடிக்கும். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் எகானமி உண்டு, நடுவில் இறங்கிக் கால் நீட்டலாம். ஆனால் அது நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து எடிசனுக்கு நியூயார்க் டிராஃபிக்கைத் தாண்டி வர வேண்டும். நியூவர்க் என்றால் அரை மணி நேரம் சொச்சம்.

தேக்காவாசி:
வாத்தியார் ஐயா, கணக்குப் போட்டேன், வந்துவிட்டது. நேரடியாகவே போகிறோம், பிரீமியம் எகானமி. அம்மாவுக்கு நடைபாதை ஓரம் சீட்.

எடிசன்காரி:
வீல்சேரும் இப்போதே சொல்லி வையுங்கள். நியூவர்க் இமிக்ரேஷன் வரிசையில் நிற்க வைத்துவிடாதீர்கள்.