ஸ்ட்ரோப் எரியுது, ஆனா படத்துல வெளிச்சமே இல்ல (தண்ணிக்குள்ள)

அலைவாய்க்காரன்:
வணக்கம் மக்களே. பாண்டிச்சேரில டைவ் பண்றேன், கேமரா கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2, ஹவுசிங்கும் (தண்ணி புகாத பெட்டி) கேனானோடதுதான், டபிள்யூபி-டிசி55. இவ்ளோ நாளா கேமராவுல இருக்கிற ஃப்ளாஷை வச்சே ஓட்டிட்டு இருந்தேன், படம் பூரா மாவு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. சரின்னு ஒரு பழைய ஸ்ட்ரோப் (வெளிய மாட்டுற தனி ஃப்ளாஷ்) செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, கேமரா ஃப்ளாஷ் வெளிச்சத்தை அதுக்குக் கொண்டு போற ஃபைபர் ஆப்டிக் கேபிள் போட்டு மாட்டுனேன். ஷட்டர் அமுக்குனா ஸ்ட்ரோப் பளிச்சுன்னு எரியுது, கூட வர்ற ஃப்ரெண்டு கண்ணு கூசுதுங்கறான், ஆனா படத்துல அந்த வெளிச்சம் எங்க போச்சுன்னே தெரியல, பச்சையா மங்கலா கெடக்கு. ஃபுல் பவர் வச்சாலும் அதே கதைதான். கேபிளா, ஸ்ட்ரோப்பா, கேமராவா, எதுல கோளாறு? இந்தத் தலைவலிக்கு பேசாம ஒரு நல்ல வீடியோ டார்ச் வாங்கிடலாமா?

ஆழ்கடல்மணி:
கேபிள்ல ஒன்னும் இல்ல தம்பி, அது கோளாறுன்னா ஸ்ட்ரோப் எரியவே எரியாது. விஷயம் என்னன்னா நீங்க ஒரு தடவை அமுக்குறதுக்கு கேமரா ரெண்டு தடவை ஃப்ளாஷ் அடிக்குது. முதல்ல சின்னதா ஒன்னு அடிச்சு திரும்பி வர்ற வெளிச்சத்தை அளந்துக்கும், அதுக்கப்புறம்தான் நிஜ ஃப்ளாஷ். ரெண்டுக்கும் நடுவுல உள்ள கேப் நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஒரே ஃப்ளாஷ்னுதான் நெனைப்போம். உங்க ஸ்ட்ரோப் அந்த முதல் ஃப்ளாஷைப் பாத்ததுமே கையில இருக்கிறதை எல்லாம் கொட்டிடுது, ஷட்டர் தொறக்குறப்ப கெபாசிட்டர் (ஃப்ளாஷுக்கு கரன்ட் சேத்து வைக்கிறது) காலி. பவரைக் குறைச்சு வச்சா சில நேரம் ரெண்டாவதுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனாலதான் சிலருக்கு ஒரு படம் நல்லா வரும் அடுத்தது வராது, மண்டையப் பிச்சுக்குவாங்க. ஃபிலிம் காலத்துல டிடிஎல்னா (லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷை கன்ட்ரோல் பண்ற முறை) ஃபிலிம் மேல பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையே அளந்து அந்த நேரத்துலயே கட் பண்ணிடுவாங்க, டிஜிட்டல் சென்சார்ல அது ஒத்து வரல, அதுக்குப் பதிலா வந்ததுதான் இந்த முன் ஃப்ளாஷ்.

நான் சொல்றது சரியான்னு வீட்டுலயே பாத்துடலாம். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு ஸ்ட்ரோப் முகமும் தெரியற மாதிரி ஒரு படம் எடுங்க. படத்துல ஸ்ட்ரோப் வெள்ளையா எரிஞ்சா டைமிங் சரி. நேர்ல எரிஞ்சும் படத்துல கறுப்பா இருந்தா முன் ஃப்ளாஷ்தான் வில்லன். அப்படின்னா கேமராவ எம் மோடுல போட்டு, ஃப்ளாஷ் கன்ட்ரோல்ல ஆட்டோவ எடுத்துட்டு மேனுவல் வச்சு, அவுட்புட்டை மினிமம் ஆக்குங்க. மேனுவல்ல அளக்கிற வேலை இல்ல, அதனால முன் ஃப்ளாஷும் இல்ல. கேமரா பேட்டரியும் நிக்கும், அடுத்த ஷாட்டுக்கும் சீக்கிரம் ரெடி ஆயிடும். இனான், சீ அண்ட் சீ மாதிரி புது ஸ்ட்ரோப்ல முன் ஃப்ளாஷை சமாளிக்க தனி செட்டிங்கே இருக்கு, உங்க பழசுல இருக்கான்னு பின்பக்கம் ஒரு தடவை பாத்துக்குங்க.

திருக்கைவால்:
மணி அண்ணன் சொன்னது கரெக்ட். ஆனா டைமிங் சரியானதும் அந்த வெள்ளைப் புள்ளி போயிடும்னு நெனைக்காதீங்க, அது வேற கணக்கு. லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவுல மிதக்கிற தூசி மேல வெளிச்சம் படக் கூடாது, அவ்ளோதான் விஷயம். ஸ்ட்ரோப்பத் தாங்குற கைய (ஆர்ம்) நல்லா விரிச்சு ஸ்ட்ரோப்ப ஹவுசிங் போர்ட்டுக்கு (லென்ஸுக்கு முன்னாடி உள்ள கண்ணாடி) ஒரு படி பின்னாடி தள்ளி, மீனைப் பாத்து திருப்பாம வெளிப்பக்கமா சாய்ச்சு வைங்க, வெளிச்சத்தோட நடுப்பகுதி இல்ல, ஓரம் பட்டாலே போதும். எல்லாரும் பண்றது ஸ்ட்ரோப்ப நேரா மீனுக்குக் குறி வைக்கிறது, பாண்டிச்சேரி தண்ணில அது சுத்தமா வேலைக்கு ஆகாது. ஹவுசிங்ல ஃப்ளாஷுக்கு முன்னாடி உள்ள இடத்தையும் கறுப்பு டேப் ஒட்டி மூடிடுங்க, கேபிளுக்கு மட்டும் ஓட்டை விட்டா போதும், இல்லன்னா கேமரா ஃப்ளாஷே தூசிக்கு லைட் அடிச்சிட்டு இருக்கும்.

அப்புறம் கிட்ட போங்க, இன்னும் கிட்ட. தண்ணி சிவப்பைத்தான் முதல்ல தின்னும், 5 மீட்டர்லயே பாதி செத்துடும். வெளிச்சம் ஸ்ட்ரோப்ல இருந்து மீனுக்குப் போயி அங்கிருந்து லென்ஸுக்கு வரணும்ல, மீன் 1 மீட்டர் தள்ளி இருந்தா 2 மீட்டர் தண்ணியக் கடக்குது. அட்டையில போட்டிருக்கிற கைடு நம்பர் (ஸ்ட்ரோப்போட பவரைச் சொல்றது, தூரத்தால வகுத்தா எஃப் நம்பர் வரும்) எல்லாம் காத்துக்கு, தண்ணிக்குள்ள ஏறக்குறைய மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்குங்க. 33ன்னா 11, அதாவது ஐஎஸ்ஓ 100ல 1 மீட்டருக்கு அப்பர்ச்சர் (லென்ஸ் துவார அளவு) எஃப்/11. 2 மீட்டர் போனா எஃப்/5.6, அதுக்கு மேல ஸ்ட்ரோப் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வைட் பேலன்ஸ்ல அண்டர்வாட்டர்னு ஒன்னு இருக்கும், ஸ்ட்ரோப்போட அதைப் போட்டா மீன் எல்லாம் செங்கல் கலர்ல வரும், ஃப்ளாஷ்னு வச்சு ரா (RAW) ஃபைலா எடுங்க. பின்னாடி கடல் நீலம் வேணும்னா ஷட்டரை மட்டும் மாத்துங்க, ஸ்ட்ரோப் வெளிச்சம் அப்பர்ச்சருக்குத்தான் கட்டுப்படும், ஷட்டருக்கு இல்ல. உங்களோடது லென்ஸ் ஷட்டர் (லென்ஸுக்குள்ளயே இருக்கிறது), 1/2000 செகண்ட் வரைக்கும் ஃப்ளாஷோட சிங்க் ஆகும். மிரர்லெஸ் வச்சிருக்கிறவங்க 1/160, 1/250லயே நின்னுடுவாங்க, அந்த விஷயத்துல உங்க கேமரா ராஜா.

கிழக்குக்கரையான்:
நான் திருகோணமலைப் பக்கம். டோர்ச் வாங்குறதைப் பற்றிக் கேட்டிருக்கிறீங்கள். இரவு டைவ், சின்ன நத்தை, இறால் எண்டா டோர்ச் நல்லாத்தான் இருக்கும், எடுக்கிறதுக்கு முதலே வெளிச்சம் எப்படி விழுது எண்டு பார்க்கலாம். பகல்ல சரிவராது. 2500 லூமன் எண்டு போட்டிருக்கிற டோர்ச்சும் 5 மீட்டர்ல வெயிலுக்கு முன்னால ஒண்டுமில்லை. ஸ்ட்ரோப் ஒரு செக்கனில ஆயிரத்தில ஒரு பங்கு அளவில எல்லா வெளிச்சத்தையும் குடுத்து முடிச்சிடும், மீன் துள்ளினாலும் படம் கலங்காது. புறாத்தீவுப் பக்கம் ஆழம் குறைஞ்ச பவளப் பார்ல நான் ஸ்ட்ரோப்பே கொண்டு போறதில்லை, வெயில் காணும். புள்ளிச்சுறா (திமிங்கிலச் சுறா) வந்தா ஸ்ட்ரோப், டோர்ச் ரெண்டையும் நிப்பாட்டுங்கோ, அதுக்கு ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது எண்டு கனக்க இடங்கள்ல விதியே இருக்குது.

அலைவாய்க்காரன்:
மணி அண்ணா, கண்ணாடி டெஸ்ட் பண்ணேன், ஸ்ட்ரோப் கறுப்பாத்தான் இருந்துச்சு. மேனுவல், மினிமம் வச்சதும் படத்துல பளீர்னு எரியுது, ரொம்ப நன்றி. ஆனா நாலு ஷாட் தொடர்ந்து எடுத்தா அஞ்சாவதுக்கு ரெடி லைட் வரவே மாட்டேங்குது, கடைக்கார ஆல்கலைன் செல்தான் போட்டிருக்கேன், அதுவா?

ஆழ்கடல்மணி:
அதேதான். ஆல்கலைன் இவ்ளோ கரன்ட்டை ஒரே மூச்சுல தராது. எனலூப் மாதிரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போடுங்க, நாலும் ஒரே நேரத்துல வாங்குனது, ஒன்னா சார்ஜ் பண்ணதா இருக்கணும், புதுசும் பழசும் கலக்காதீங்க. பவரையும் கால்வாசில வைங்க, கிட்ட போயிட்டா ஃபுல் பவர் தேவையே படாது. செல் மாத்துறப்ப ஓ-ரிங்ல ஒரு முடி இருந்தாலும் தண்ணி உள்ள வந்துடும், வெளிச்சத்துல சுத்திப் பாத்துட்டு மூடுங்க. கிரீஸ் அந்தக் கம்பெனி சொல்றதை மட்டும் போடுங்க, சிலிக்கான் ஓ-ரிங்ல சிலிக்கான் கிரீஸ் தடவுனா ஊதிப்போயி உக்காராது.