புற்றுநோய்க்குக் கர்ப்பப்பையை எடுக்காமல் சிகிச்சை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (என் தங்கைக்காக)

வணக்கம் தோழிகளே, நாங்கள் தண்டையார்பேட்டை. தங்கைக்கு 32 வயது, இன்னும் குழந்தை இல்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதால் மாதவிடாய் தள்ளிப்போவதும், வந்தால் நிற்காமல் போவதும் வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது. போன மாதம் பயாப்சியில் (திசுப் பரிசோதனை) கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் என்று வந்தது. கிரேடு 1, அதாவது வீரியம் குறைந்த வகை. எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தால் கர்ப்பப்பைத் தசைக்குள் இறங்கவில்லை, வேறெங்கும் பரவவில்லை.

முதலில் பார்த்த இடத்தில் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் உட்கார வைத்துப் பேசினார். இந்த நிலையில் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்போ கொடுத்துப் பார்க்கலாமாம். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பயாப்சி. நோய் மறைந்தால் தாமதிக்காமல் குழந்தைக்கு முயல வேண்டும். திரும்ப வரலாம் என்பதால், பிள்ளை பெற்றபின் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்றார்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள். நோய் மறைய எத்தனை மாதம் ஆனது? மாத்திரையில் எடை கூடுமாமே, எப்படிச் சமாளித்தீர்கள்? இயல்பாகவே கரு நின்றதா, ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) தேவைப்பட்டதா? அப்புறம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் முதலில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும்?

நாட்டு மருந்து மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், நாள் கடத்த எங்களுக்குத் தைரியமில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.