லொறி டீசலைக் குடிக்கிறது, வழி சொல்லுங்கள்

அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். நுவரெலியாவிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறேன். லீட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடிய காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும்) லொறி, இரண்டு மாதமாக 5ஐத் தாண்டவில்லை. ஏற்றத்தில் கறுப்புப் புகை. டயர் காற்று, எயார் பில்டர், பிரேக் பிடிப்பு எல்லாம் பார்த்தாயிற்று.

ஸ்கேன் பண்ணினால் பி0118 என்ற பிழைக் குறி வருகிறது, அதாவது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வெப்ப சென்சர் பக்கம் கோளாறு. அழித்தால் இரண்டு நாளில் திரும்பவும் வருகிறது. ஏற்றம் ஏறி முடித்த பிறகும் ஸ்கேனரில் 38 டிகிரிதான். ரேடியேட்டர் மேல் குழாயையோ கையால் தொட முடியவில்லை. எஞ்சின் குளிராக இருக்கிறதென்று நினைத்து ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) டீசலைக் கூட்டுகிறது போல.

சென்சர் பிளக்கைக் கழற்றினேன். ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது. இங்கே மழையும் பனியும்தானே. துடைத்துப் போட்டேன், ஒரு நாள் சரி, அப்புறம் பழையபடிதான்.

கராஜில் இன்ஜெக்டரை (டீசல் பீச்சும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு காசு என்னிடம் இல்லை. முதலில் சென்சரை மாற்றவா, வயரைப் பார்க்கவா? விடியற்காலை குளிர் எஞ்சினில் சென்சரின் மின்தடை எத்தனை ஓம்ஸ் காட்ட வேண்டும்? கறுப்புப் புகைக்கு டர்போ குழாய்க் கசிவும் காரணமாகுமா? ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) இருந்தால் சொல்லுங்கள். வியாழன் லோட் இருக்கிறது.